கொளத்தூரில் வாங்கிய மீன்களும் என் இரண்டடித் தொட்டியும்

வில்லிவாக்கத்தை அடுத்த கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டுக் கையில் மீன் கவர் இல்லாமல் திரும்புவது எளிதான காரியம் அல்ல. சென்ற ஆண்டு ஜனவரியில் தொடங்கி இந்த மார்ச் வரையிலான பதினான்கு மாதங்களில் நான் அங்கே ஒன்பது முறை போயிருக்கிறேன். நான்கு கடைகளில் மீன் வாங்கியிருக்கிறேன். இரண்டடி நீளமுள்ள ஒரே தொட்டியில் ஒன்றையொன்று துன்புறுத்தாமலும், எங்கள் வீட்டுத் தண்ணீரையும் சென்னை வெயிலையும் தாங்கிக்கொண்டும் வாழக்கூடிய சிறு மீன்களைச் சேர்ப்பதே என் நோக்கமாக இருந்தது. அப்படி வாங்கியவற்றில் எவை நிலைத்தன, எவை நிலைக்கவில்லை, விற்றவர்கள் சொன்னதில் எது உண்மையாக இருந்தது என்பதைப் புதிதாகத் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மீனின் தரத்தை அது இருக்கும் தண்ணீரிலிருந்து பிரித்துப் பேச முடியாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கணக்குப்படி 57 லிட்டர் கொள்ளும். மணல், கல், செடி ஆகியவை பிடித்துக்கொள்ளும் இடத்தையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் உண்மையில் 45 லிட்டர்தான் தேறும். எங்கள் வீடு அம்பத்தூரில் இருக்கிறது. போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் டி.டி.எஸ். அளவு 800-ஐ ஒட்டியும், புளிப்பு-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.8 என்றும் காட்டுகிறது. வாளியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர் அது. கூடத்தில் வெயில் படாத இடத்தில் வைத்திருந்தும், மே மாதப் பிற்பகல்களில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டது. வடிகட்டியாக இருப்பது காற்று மோட்டாரில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

இந்த விவரங்களை என்னிடம் கேட்டறிந்த கடை ஒன்றே ஒன்றுதான். தெருவின் உட்புறம், பலகை கூடச் சரியாகத் தெரியாத கடை அது. கல்லாவில் இருந்த பெரியவர், நான் எந்த மீனைக் காட்டிக் கேட்பதற்கும் முன்னால், "என்ன தண்ணிம்மா உங்க வீட்ல, போரா மெட்ரோவா?" என்று கேட்டார். போர் என்றதும், "அப்போ அந்தப் பக்கம் பாக்கவே பாக்காதீங்க" என்று நியான் டெட்ராக்கள் மின்னிக்கொண்டிருந்த வரிசையைக் கையால் ஒதுக்கிவிட்டார். மற்ற மூன்று கடைகளிலும் நான் விரலை நீட்டிய மீனையெல்லாம் வலையில் அள்ளிக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்றில், கேட்காத மீனையும் கொடுத்தார்கள்.

நியானை அவர் தவிர்க்கச் சொன்னதில் நியாயம் இருந்தது. அமேசான் பகுதியின் உப்புக் குறைந்த, சற்றுப் புளிப்பான நீரோடைகளில் வாழும் மீன் அது. 22 முதல் 26 டிகிரி வரை அதற்கு இதம். போர் தண்ணீரில் உடனே செத்துவிடும் என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒன்றாகக் காணாமல் போகும்; கோடை வந்ததும் மிச்சமும் போய்விடும். "பத்து வாங்கினேன், இரண்டு இருக்கிறது" என்று நியானைப் பற்றிச் சொல்லாத மீன் ஆர்வலரை நான் இந்த ஊரில் இன்னும் சந்திக்கவில்லை. மழைநீரைச் சேமித்தோ ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்தோ வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு பாடு. நமக்கு வேண்டியது குழாயைத் திறந்து ஊற்றிய தண்ணீரில் வாழும் மீன்.

அந்த வகையில் நான் முதலில் வாங்கியதும், இன்று வரை ஒரு குறையும் சொல்ல முடியாததும் ஜீப்ரா மீன். நீலமும் வெள்ளியுமாக வால் வரை கோடு ஓடும் இந்த மீன் கொளத்தூரில் இருப்பதிலேயே மலிவானவற்றுள் ஒன்று. நான் ஜோடி 30 ரூபாய்க்கு வாங்கினேன். மலிவு என்பதாலேயே இதைப் பலர் மதிப்பதில்லை. கங்கைச் சமவெளியின் வயல்களிலும் ஓடைகளிலும் வாழும் இதை ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1822-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். வட இந்தியக் குளிரையும் கோடையையும் மாறி மாறிப் பார்த்துப் பழகிய உடம்பு இதற்கு. உலகமெங்கும் உயிரியல் ஆய்வுக்கூடங்களில் ஆயிரக்கணக்கில் இதை வளர்ப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. வருத்தமில்லாமல் வளரும் என்பதும் அவற்றுள் ஒன்று. மே மாதத்தில் மின்சாரம் மூன்று மணி நேரம் போய், மோட்டார் நின்று, தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிட்டதோ என்று நான் பதறிய நாளில் ஜீப்ராக்கள் மேல்மட்டத்தில் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன.

அந்தத் துரத்தலைத்தான் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டே இரண்டு ஜீப்ராவை வாங்கிப் போட்டால், வலுத்தது இளைத்ததை நாள் முழுவதும் விரட்டி ஓய்ந்துபோகச் செய்துவிடும். குறைந்தது ஆறு இருந்தால் அந்தச் சேட்டை கூட்டத்துக்குள் பங்கிடப்பட்டு, யாருக்கும் காயம் இல்லாமல் முடிந்துவிடும். நான் முதலில் நான்குதான் வாங்கினேன். பக்கத்தில் இருந்த ஆண் கப்பியின் நீண்ட வாலை அவை கொத்திக் கிழித்தன. மேலும் இரண்டு சேர்த்த பிறகு அந்தப் பழக்கம் பெருமளவு நின்றது, ஆனாலும் நீண்ட வாலுள்ள கப்பியையோ ஃபைட்டரையோ இவற்றோடு சேர்க்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இன்னொன்று: இவை துள்ளும். கண்ணாடி மூடியில் மோட்டார் குழாய்க்காக விட்டிருந்த இரண்டு விரல் அகல இடைவெளி வழியாகவே ஒன்று வெளியே விழுந்து, காலையில் தொலைக்காட்சி மேசையின் பின்னால் காய்ந்து கிடந்தது. பஞ்சைத் திணித்து அந்த இடைவெளியை அடைத்த பிறகு இழப்பு இல்லை.

இதே மீனின் பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு வகைகள் நீல விளக்கின் கீழ் ஒளிரும்படி வைக்கப்பட்டிருப்பதையும் காணலாம். அவை மரபணு மாற்றப்பட்டவை. நிறம் பிறப்பிலேயே வருவது. ஆனால் அதே அலமாரியில் இருக்கும் வண்ணக் கண்ணாடி மீனும் வண்ண விடோ டெட்ராவும் அப்படி அல்ல. நம் ஊர் நீர்நிலைகளிலேயே காணப்படும், உள்ளே முள் தெரியும் அளவுக்கு ஒளி ஊடுருவும் கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றித்தான் அந்த நிறம் வருகிறது. சில மாதங்களில் சாயம் வெளுத்துவிடும். ஊசி போன இடத்தில் புண் வருவதும் உண்டு. ஒரு கடையில் இதைக் கேட்டபோது, "எல்லாம் ஒரிஜினல் கலர்தான் அக்கா" என்று அந்தப் பையன் கூசாமல் சொன்னான். அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இரண்டாவதாக வாங்கியது செர்ரி பார்ப். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கடையில் பார்த்து யாரும் இதை வாங்க மாட்டார்கள். அடியில் மணலோ செடியோ இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டியில், தலைக்கு மேல் டியூப் லைட் எரிய, நூறு மீன்களை அடைத்து வைத்தால் செர்ரி பார்ப் பயத்தில் வெளுத்துப்போய், பக்கவாட்டில் ஒரு கருங்கோடு மட்டும் தெரியும் பழுப்பு நிறக் குஞ்சு மீனாகத்தான் காட்சி தரும். கருமணல் பரப்பி ஓரத்தில் செடிகளை அடர்த்தியாக வைத்த என் தொட்டியில் விட்ட பத்தாவது நாள், ஆண் மீன் ஒன்று காய்ந்த மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது. மூன்றாவது வாரம் இரண்டு ஆண்களும் எதிரெதிரே நின்று துடுப்புகளை விரித்துக் காட்டிக்கொண்டன. ஒன்று கூட மற்றொன்றைக் கடிக்கவில்லை. அவற்றின் சண்டை அந்த அளவோடு சரி.

செர்ரி பார்ப் இலங்கையின் தென்மேற்கு ஈரப் பகுதிக்கே உரியது. களனி முதல் நில்வளா வரையிலான ஆற்றுப் படுகைகளின் நிழல் விழும் ஓடைகளில் வாழ்கிறது. 1929-இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல இதை முதலில் விவரித்தபோது, உள்ளூர்ச் சிங்களப் பெயரான தித்தயா என்பதையே அறிவியல் பெயரிலும் வைத்தார். வண்ண மீன் வணிகத்துக்காக அந்த ஓடைகளில் ஒரு காலத்தில் ஏராளமாகப் பிடிக்கப்பட்ட மீன் இது. இன்று நாம் கடையில் வாங்குவது பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது, அதனால்தான் நம் தண்ணீருக்கும் இவ்வளவு எளிதில் பழகிவிடுகிறது. பண்ணை மீன் என்றால் ஓடை மீனை விட மட்டம் என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. சிறு தொட்டி வைப்பவர்களுக்கு உண்மை நேர்மாறானது.

ஆண் பெண் பார்த்து வாங்குவது இதில் முக்கியம். கடைக்காரர்கள் சிவப்பாக இருப்பவற்றையே வலையில் பிடிக்க முயல்வார்கள், நமக்கும் அதுவே ஆசையாக இருக்கும். ஆனால் ஆண்களே அதிகமாக இருந்தால் பெண் மீனுக்கு ஓய்வே கிடைக்காது. இரண்டு ஆணுக்கு நான்கு பெண் என்று நான் கேட்டு வாங்கினேன். பெண் மீன் வயிறு உருண்டு, நிறம் மங்கி இருக்கும். பெரியவரின் கடையில் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, வலையை மகனிடமிருந்து தானே வாங்கிக்கொண்டு, கண்ணாடிக்கு அருகில் முகத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஆறு மீனுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

கௌராமியில்தான் நான் ஏமாந்தேன். இரண்டடித் தொட்டிக்கு ஏற்ற கௌராமி தேன் கௌராமி. பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளராது, யாரையும் சீண்டாது. கங்கை, பிரம்மபுத்திரா பகுதிகளைச் சேர்ந்த இதுவும் ஹாமில்டன் 1822-இல் விவரித்த மீன்தான். ஆனால் கடைகளில் ஹனி கௌராமி என்ற பெயரில் செம்மஞ்சள் நிறமுள்ள வேறொரு இனத்தையும் விற்கிறார்கள்: தடித்த உதட்டுக் கௌராமியின் வளர்ப்பு வகை அது, குஞ்சாக இருக்கும்போது அச்சாக இதேபோல் இருந்துவிட்டு, எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வரை வளரும். நான் முதலில் வாங்கிய ஜோடி ஐந்து மாதத்தில் செர்ரி பார்ப்களைப் போல இரண்டு மடங்கு ஆகி, தீனி போடும் மூலையைத் தன் வசப்படுத்திக்கொண்டது. கடையில் போய்ச் சொன்னதற்கு, "நல்லா வளத்துருக்கீங்க" என்று பாராட்டு கிடைத்தது. நான்கடித் தொட்டி வைத்திருக்கும் உறவினருக்கு அந்த ஜோடியைக் கொடுத்துவிட்டு, உண்மையான தேன் கௌராமி ஒரு ஜோடியைப் பெரியவரின் கடையில் சொல்லி வைத்து மூன்று வாரம் கழித்து வாங்கினேன். வாய் கூராகவும் உடல் ஒல்லியாகவும் இருக்கும். ஆண் மீன் இனப்பெருக்கக் காலத்தில் தேன் நிறமாகி, தாடை முதல் வயிறு வரை கருநீலம் பாய்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் எல்லாரும் நின்று பார்ப்பது இந்த மீனைத்தான். வயிற்றுக்கு அடியில் நூல் போல நீண்டிருக்கும் இரண்டு துடுப்புகளால், இருட்டில் சுவரைத் தடவி நடப்பவரைப் போல, இலையையும் கல்லையும் பக்கத்தில் வரும் மீனையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நகரும். புதிதாக ஒரு செடியை நட்டால் முதலில் வந்து விசாரிப்பது இதுதான். மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கி மூச்சு விடும் உறுப்பு கௌராமிகளுக்கு உண்டு. வெயில் காலத்தில் அது பெரிய பாதுகாப்பு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் உயிர்வாயு கரைந்திருக்கும் என்றால், 32 டிகிரியில் அது 7.3 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். அதே வெப்பத்தில் மீனின் உடம்புக்கோ உயிர்வாயு கூடுதலாகத் தேவைப்படும். அதனால் மோட்டார் நின்ற மதியங்களில் நான் கவலைப்படாத மீன் இது ஒன்றுதான்.

குறை என்றால் இதன் கூச்சம். ஜீப்ராக்கள் தீனி விழுந்த கணத்திலேயே மேலே பாய்ந்து முடித்துவிடும். கௌராமி யோசித்துக்கொண்டு வருவதற்குள் தட்டு காலியாகிவிடும். தொட்டியின் இடது ஓரத்தில் ஒரு சிட்டிகை போட்டு ஜீப்ராக்களை அங்கே வரவழைத்துவிட்டு, வலது ஓரத்தில் செடிகளுக்கு நடுவே கௌராமிக்குத் தனியாகப் போடுவதை ஒரு வாரம் செய்ததில் இரண்டு தரப்பும் தத்தம் இடத்தைப் பழகிக்கொண்டன. குள்ளக் கௌராமி என்று நீலமும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும் இன்னொரு வகையும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். அழகில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் வளர்ப்புப் பண்ணைகள் வழியாக அந்த இனத்துக்குள் ஒரு வைரஸ் நோய் நெடுநாளாகப் பரவியிருக்கிறது, அதற்கு மருந்தும் கிடையாது. ஆண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவும் செய்யும். நான் வாங்கவில்லை.

கப்பி, பிளாட்டி, மோலி ஆகிய குட்டி போடும் மீன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்பு மிகுந்த கடினத் தண்ணீர் இவற்றுக்கு உகந்தது. போர் தண்ணீர் வீடுகளில் இவற்றைவிடச் சுலபமான மீன் இல்லை. சிக்கல் எண்ணிக்கையில்தான். மாதத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஆணைப் பிரித்துவிட்டாலும், முன்பே சேமித்து வைத்த விந்தைக் கொண்டு பெண் இன்னும் சில மாதங்களுக்குக் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். நான் வாங்கிய மூன்று பிளாட்டி ஆகஸ்டில் முப்பதைத் தாண்டியதும் மொட்டைமாடியில் இருந்த சிமென்ட் தொட்டிக்கு அனுப்பிவிட்டேன். அங்கே கொசுப்புழுவைத் தின்றுகொண்டு நன்றாகவே இருக்கின்றன. சிறு தொட்டியில் வைக்க விரும்பினால் ஆண் பிளாட்டிகளை மட்டும் வாங்குவது நல்லது.

அடித்தட்டுக்கு என்று வாங்கிய கோரிடோரஸ் (சுருக்கமாகக் கோரி) என்ற சிறு கெளுத்தி மீன் பற்றி எனக்கு இரண்டு மனம். வெண்கல நிறக் கோரி ஐந்தை, ஒன்று 60 ரூபாய் வீதம் வாங்கினேன். இன்று இருப்பவை மூன்று. கடைகளில் மீனோடு சேர்த்துத் தள்ளிவிடும் சாயம் பூசிய கூர்க்கற்களின் மேல் வைத்தால் இவற்றின் மீசை தேய்ந்து புண்ணாகிவிடும் என்று படித்திருந்ததால், நன்றாக அலசிய ஆற்றுமணலைத்தான் பரப்பியிருந்தேன். மணலுக்குள் மூக்கைப் புதைத்து, செவுள் வழியாக மணலைத் துப்பிக்கொண்டு ஐந்தும் வரிசையாகப் போவதும், அவ்வப்போது ஒன்று விறுவிறுவென்று மேலே ஏறி ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் இறங்குவதும் பார்க்கத் தெவிட்டாதவை. காற்றைக் குடலில் வைத்து உறிஞ்சிக்கொள்ளும் உடலமைப்பு இதற்கு இருந்தும், மே மாத வெப்பத்தை இரண்டு தாங்கவில்லை. தண்ணீர் 28 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். இப்போது மூடியை எடுத்துவிட்டு வலையைப் போட்டு, மேலே சிறு மின்விசிறியை ஓடவிடுகிறேன். நீர் ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது, ஆனால் தினம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். துடுப்பில் உள்ள முள் வலையில் சிக்கிக்கொள்ளும். பையன் அவசரமாக உதறியதில் ஒன்றுக்குத் துடுப்பு கிழிந்து வந்தது. கிண்ணத்தில் மொண்டு எடுக்கச் சொல்வதே சரி.

கோரி வாங்கிய அந்தக் கடையில்தான் கேட்காத மீனும் கையில் வந்தது. "சக்கர் ஒண்ணு போட்டுக்கோங்க அக்கா, தொட்டியை அதுவே நக்கி நக்கிச் சுத்தமாக்கிடும், காசு வேணாம்" என்று விரல் நீளச் சக்கர் மீன் ஒன்றைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டான். தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று ஒன்று கிடையாது. எல்லா மீனும் தின்னும், எல்லா மீனும் கழியும், சக்கர் மற்றவற்றைவிட அதிகமாகவே கழியும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. தொட்டிக்குள் அடங்காமல் போனதும் பலர் அதை ஏரியிலோ கால்வாயிலோ கொண்டுபோய் விட்டதன் விளைவாக, தமிழ்நாட்டின் நீர்நிலைகள் பலவற்றில் இன்று அது பெருகி, வலை வீசுபவர்களுக்கு விற்க முடியாத, வலையைக் கிழிக்கிற மீனாக வந்து சிக்குகிறது. நான் மறுவாரமே அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். இலவசமாக வந்ததாக இருந்தாலும் ஏரியில் விடாதீர்கள்.

ஷார்க் என்ற பெயரில் விற்கப்படும் எதையும் சிறு தொட்டிக்கு வாங்க வேண்டாம். வெள்ளையாகவும் சாம்பலாகவும் மூன்று அங்குலத்தில் துறுதுறுவென்று நீந்தும் அந்த மீன், உணவகங்களில் பாசா என்று தட்டில் வருகிறதே, அதே இனம். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். வெள்ளி ஷார்க் ஓரடியைத் தாண்டும். சிவப்பு வால் ஷார்க் அவ்வளவு வளராது, ஆனால் தன் எல்லைக்குள் வரும் எல்லாரையும் விரட்டும். புலி பார்ப் உறுதியான மீன், போர் தண்ணீரில் கவலையின்றி வளரும்; ஆனால் கௌராமியின் அந்த நூல் துடுப்பை ஒரே நாளில் கத்தரித்துவிடும். இவை எதையும் எந்தக் கடையிலும் எச்சரித்து விற்று நான் பார்த்ததில்லை, பெரியவரின் கடை நீங்கலாக.

கடைகளின் சுகாதாரம் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது ஐம்பது தொட்டிகளுக்கு ஒரே வடிகட்டி, ஒரே தண்ணீர் சுற்றிவரும்படி குழாய் அமைத்திருக்கும் கடைகளில் ஒரு தொட்டியின் நோய் எல்லாத் தொட்டிக்கும் போய்விடும். அப்படிப்பட்ட ஒரு கடையில் வாங்கிய பிளாட்டி ஒன்றின் மேல், ஐந்தாம் நாள், தூள் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. புதிய மீன் எதையும் இரண்டு வாரம் பிளாஸ்டிக் டப்பில் தனியாக வைத்திருப்பது என் வழக்கம் என்பதால் நோய் அந்த டப்போடு நின்றது. கடையில் நிற்கும்போதே ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கும் மீன், ஓரிடத்தில் நின்றபடி உடம்பை ஆட்டும் மீன், கல்லில் உரசிக்கொள்ளும் மீன் இவற்றில் எதையாவது கண்டால் அந்தத் தொட்டியில் இருந்து வேறு எதையும் எடுக்காதீர்கள். சிறிது தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தின்ன வராத மீனை வாங்குவது வீண். பெரியவர் சொல்லாமலே போட்டுக் காட்டினார். இன்னொரு கடையில், "தீனி போட்டா கவர்ல கழிஞ்சு தண்ணி கெட்டுடும்" என்று மறுத்தார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது என்றாலும், நேற்று வந்து இறங்கிய மீனாகவும் அது இருக்கலாம்.

கட்டிக் கொடுப்பதில் மட்டும் கொளத்தூரில் எந்தக் கடையையும் குறை சொல்ல மாட்டேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்குச் சிலிண்டரிலிருந்து உயிர்வாயு, கவரின் கழுத்தை முறுக்கி மடித்து இரட்டை ரப்பர் பேண்ட் என்று கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அம்பத்தூர் வரை பேருந்தில் ஒன்றரை மணி நேரம் வந்தும் ஒரு மீன் கூட வழியில் சாகவில்லை. வீட்டில் கவரை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கவருக்குள் ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் உள்ளே விட்டுவிட்டுக் கவர் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுகிறேன்.

வழியில் சாகாத மீன்களை வீட்டில் கொன்றது நான்தான். முதல் ஜனவரியில், தொட்டி வாங்கி மூன்றே நாளில், பன்னிரண்டு மீன்களை ஒரே சமயத்தில் விட்டேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது, பி.எச். கூடுதலாக உள்ள நம் தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை என்பதும் தெரியாது. ஒரு வாரத்தில் ஐந்து மீன்கள் போயின. பிறகு ஆறு ஜீப்ராவை மட்டும் வைத்து, அரைவயிறு தீனி போட்டு, நாள் விட்டு நாள் தண்ணீர் மாற்றி, சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே செர்ரி பார்ப், அதற்கு ஒரு மாதம் கழித்துக் கோரி, கடைசியில் கௌராமி என்று சேர்த்தேன். தொட்டியோடு மீனையும் அன்றே விற்றுவிடுவது எல்லாக் கடைகளிலும் வழக்கம். பெரியவரும் இதில் விலக்கல்ல. நான் கேட்டபோது, "சொன்னா யாரும்மா மறுபடி வர்றாங்க, பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க" என்றார்.

மெட்ரோ தண்ணீர் பிடிப்பவர்கள் குளோரினை முறிக்க ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டத்தில் வைத்திருக்க வேண்டும் அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு ஊற்ற வேண்டும். எனக்கு அந்த வேலை இல்லை. வாரம் ஒரு முறை இரண்டு சிறு வாளி மாற்றுகிறேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு மீன் மட்டும் ஒன்பது பயணங்களிலும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மெக்சிகோவின் பிளாட்டி ஜோடி 30 ரூபாய்க்கும், மலாய் நாட்டு ரஸ்போரா கேட்ட உடனேயும் கிடைக்கிற கொளத்தூரில், நம் ஊர்க் கிணற்றிலும் வயல் வாய்க்காலிலும் நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் நின்று, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேலே பார்த்துக்கொண்டிருக்குமே, மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்பார்களே, அந்த மீன் இல்லை. பெரியவரிடம் கேட்டேன். "அதை யாரும்மா காசு கொடுத்து வாங்குவா?" என்றார்.

இன்றைய கணக்கு: ஜீப்ரா ஆறு, செர்ரி பார்ப் ஆறு, தேன் கௌராமி இரண்டு, கோரி மூன்று. 45 லிட்டருக்கு இதுவே நிறைவு. கோரியை ஆறாக்கும் ஆசையைக் கோடை கழியும் வரை ஒத்திப்போட்டிருக்கிறேன். சென்ற வாரம் ஸ்பாஞ்சைப் பிழிவதற்காகக் கையை விட்டபோது, அதன் பின்னால் பாசிக்கொத்தில், ஊசி முனைக் கண்ணும் நடுவில் ஒரு கருங்கோடுமாகக் கால் அங்குலக் குஞ்சு ஒன்று நின்றுகொண்டிருந்தது. முட்டையைத் தாய் தந்தையரே தின்றுவிடும் இனம் செர்ரி பார்ப். இது எப்படியோ தப்பியிருக்கிறது. ஸ்பாஞ்சைப் பிழியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.